கார்ட் பந்தயக் குழு ஸ்பான்சரை எங்கே தேட வேண்டும்?

கோயம்புத்தூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்வியின் சாரம் இது. பொறியியல் கல்லூரியில் ஒன்றாகப் படித்த ஐந்து நண்பர்கள் சொந்தப் பணம் போட்டு, ரோடாக்ஸ் எஞ்சின் பூட்டிய பழைய கார்ட் ஒன்றை (தரையை ஒட்டி ஓடும் சிறிய, மேல்மூடியில்லாத பந்தய வண்டி) வாங்கியிருக்கிறார்கள். ஒருவர் ஓட்டுகிறார், இருவர் மெக்கானிக் வேலை பார்க்கிறார்கள், மற்ற இருவர் கணக்கையும் பயண ஏற்பாடுகளையும் கவனிக்கிறார்கள். அடுத்த சீசனில் சீனியர் பிரிவில் தேசிய சாம்பியன்ஷிப் ஓட ஆசை. பதினான்கு பக்கத்தில் ஓர் அறிமுக அறிக்கை தயாரித்து எழுபதுக்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு மின்னஞ்சலில் அனுப்பினார்கள். வந்த பதில் இரண்டு. இரண்டும் "இந்த ஆண்டுக்கான ஒதுக்கீடு முடிந்துவிட்டது" என்றன. சிஎஸ்ஆர் நிதி, அதாவது கம்பெனிகள் சமூகப் பொறுப்புக்கு ஒதுக்கும் பணம், கிடைக்குமா என்று கேட்கிறார். கடைசியாக ஒரு வரி: எதுவும் கிடைக்காவிட்டால் ஓட்டும் நண்பரின் அப்பா நிலத்தை அடமானம் வைக்கத் தயாராக இருக்கிறார், சம்மதிக்கலாமா?

தம்பி, நான் சிறிய கார்ட் குழு ஒன்றைப் பல ஆண்டுகள் நடத்தியவன். பணம் கேட்டு ஏறி இறங்கிய படிகள் எத்தனை என்று எண்ணி வைக்கவில்லை. கிடைத்த ஸ்பான்சர்களில் ஒருவர்கூட மின்னஞ்சலில் வந்தவர் இல்லை என்பது மட்டும் நினைவிருக்கிறது.

முதலில் அந்த அறிக்கையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் இணைத்திருந்ததை முழுவதும் படித்தேன். முதல் ஐந்து பக்கம் கார்ட் பந்தயத்தின் பெருமை. ஷூமாக்கரும் ஹாமில்டனும் கார்ட்டில்தான் தொடங்கினார்கள் என்கிறீர்கள். உண்மைதான். ஆனால் பம்ப்செட் விற்பவருக்கு அந்த உண்மையை வைத்துக்கொண்டு செய்ய ஒன்றுமில்லை. அடுத்த ஆறு பக்கம் உங்கள் கனவு. பதின்மூன்றாம் பக்கத்தில்தான் பணம் வருகிறது: தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று மூன்று திட்டங்கள், மேல் திட்டத்துக்குப் பத்து லட்சம். பதினான்கு பக்கத்தில் அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர் என்ற சொல் ஓரிடத்தில்கூட வரவில்லை. படிப்பவர் அதைத்தான் தேடுவார்.

அனுப்பிய பட்டியலையும் பார்த்தேன். பாதிக்கு மேல் டயர், ஆயில், வாகன நிறுவனங்கள். பந்தயத்துக்குப் பணம் போடுகிறவர்கள் அவர்கள்தானே என்று நினைத்திருப்பீர்கள். போடுகிறார்கள். எங்கே போடுகிறார்கள் என்பதைப் பாருங்கள். ஜேகே டயர் தேசிய சாம்பியன்ஷிப்பின் பெயரிலேயே இடம் பிடித்திருக்கிறது. எம்ஆர்எஃப் சொந்தமாக ஃபார்முலா பந்தயத் தொடரையே நடத்தியது. செயின் தயாரிக்கும் உங்கள் ஊர் எல்ஜிபி நிறுவனத்தின் பெயரில் ஒரு ஃபார்முலா 4 பிரிவே ஓடுகிறது. தொடருக்குப் பணம் கொடுத்தவருக்கு, அதில் ஓடும் எல்லா வண்டிகளிலும் ஸ்டிக்கர் கிடைத்துவிடுகிறது. அப்புறம் உங்கள் ஒரு வண்டிக்கு அவர் எதற்காகத் தனியாகக் கொடுக்க வேண்டும்? அந்தக் கதவை இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

நான் சொல்ல வருவதன் மையம் ஒன்றுதான். கார்ட்டுக்கு ஃபார்முலா காரிடமும் ராலி காரிடமும் இல்லாத ஒரு பலம் இருக்கிறது. அது கடைக்குள் நுழையும். ஆறடி சொச்சம் நீளம், நாலரை அடி அகலம். குட்டி யானை வண்டியின் பின்தட்டில் அளந்து வைத்ததுபோல உட்காரும், எந்தக் கடையின் ஷட்டருக்குள்ளும் நாலு பேர் தூக்கி வைத்துவிடலாம். பந்தயத்தன்று டிராக்கில் எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று கணக்குக் காட்டினால் உங்கள் பேச்சு எடுபடாது. கார்ட் பந்தயத்துக்கு வரும் கூட்டத்தில் பெரும்பங்கு ஓட்டுபவர்களின் அப்பா அம்மாவும் மெக்கானிக்குகளும்தான். ஆண்டில் அந்த வண்டி ஓடுவது சில வார இறுதிகள் மட்டும். மீதி நாளெல்லாம் அது ஷெட்டில் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கிறது. நீங்கள் விற்க வேண்டியது அந்த மீதி நாட்களை.

இது எனக்குத் தற்செயலாகத்தான் புரிந்தது. கோவையின் கணபதிப் பகுதியில் ஒரு பேட்டரிக் கடைக்காரரிடம் மூன்றாவது முறையாகப் போயிருந்தேன். முதல் இரண்டு முறையும் மோர் கொடுத்து அனுப்பிவிட்டார். அன்று செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் பயிற்சி முடித்துத் திரும்பும் வழி என்பதால் குட்டி யானையில் கார்ட் இருந்தது. அவருடைய பையனுக்குப் பதினோரு வயது இருக்கும். வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மறுத்துவிட்டான். கடைக்காரர் வெளியே வந்தார். பின் சக்கரத்தை விரலால் அழுத்திப் பார்த்தார்.

"தம்பி, இந்த டயர் எத்தனை மாதம் வரும்?"

"ஒரு வார இறுதிதான் அண்ணா. அதற்கப்புறம் பயிற்சிக்கு மட்டும்தான் ஆகும்."

"ஒரு செட் என்ன விலை?"

சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "தீபாவளிக்கு முந்தின பத்து நாள் இந்த வண்டி என் கடை வாசலில் நிற்குமா?" என்றார். நிற்கும் என்றேன். அந்தச் சீசனில் எங்களுக்கு மூன்று செட் டயருக்கான பணம் அவர்தான் கொடுத்தார். இரண்டு முறை பேசியும் நடக்காதது, அவர் கை அந்த ரப்பரில் பட்டதும் நடந்தது. அந்தப் பத்து நாளும் எங்களில் ஒருவர் மாலை ஆறு முதல் ஒன்பது வரை அங்கே நின்று, வந்த பிள்ளைகளைத் தூக்கி உட்கார வைத்து, பெற்றோரின் கைப்பேசியில் படம் எடுத்துக் கொடுத்தோம். வண்டிக்குப் பின்னால் கடையின் பெயர்ப் பலகை தெரியும்படி இடம் பார்த்து நிறுத்தியிருந்தோம். ஒவ்வொரு படமும் ஒரு குடும்பத்தின் வாட்ஸ்அப்பில் போனது.

ஆகவே யாரைக் கேட்பது என்பதற்கு என் பதில்: யாருடைய கடையில், ஷோரூமில், தொழிற்சாலையில், டீலர் கூட்டத்தில் இந்த வண்டி நின்றால் அவருக்குப் பயனோ அவரைப் பார்க்க வருகிறவர்களுக்குச் சந்தோஷமோ உண்டாகுமோ அவரை. உங்கள் ஊரில் அப்படிப்பட்டவர்களுக்குப் பஞ்சமே இல்லை. பம்ப், மோட்டார், கிரைண்டர், வார்ப்பட ஆலை, வாகன உதிரிபாகம், பெயின்ட் டீலர், இருசக்கர வாகன ஷோரூம், டைல்ஸ் கடை, பல் மருத்துவர், பயிற்சி மையம். கடிதம் எழுத வேண்டிய பதவிக்காரரைத் தேடாதீர்கள். கையெழுத்துப் போடும் முதலாளியே கல்லாவில் உட்கார்ந்திருக்கும் இடமாகப் பாருங்கள்.

கோவைக்கு இன்னொரு வசதியும் உண்டு, மற்ற ஊர்க்காரர்களுக்குக் கிடைக்காதது. அங்கே அறுபது வயதைத் தாண்டிய தொழிலதிபர்களில் பலருக்கு மோட்டார் பந்தயம் வேற்று விஷயமே கிடையாது. மாருதி எஞ்சினில் ஓடும் எளிய ஃபார்முலா கார்களைக் கட்டி, ஏராளமானவர்களைப் பந்தயத்துக்குள் கொண்டுவந்த எஸ். கரிவரதன் அந்த ஊர்த் தொழிலதிபர். 1995-ல் விமான விபத்தில் மறைந்தார். செட்டிபாளையம் டிராக்குக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். 2005-ல் ஜோர்டான் அணிக்காக ஓட்டி, இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் ஓட்டுநரான நரேன் கார்த்திகேயன் அதே ஊர்க்காரர். சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டை டிராக் வருவதற்கு முன்னால், சோழவரம் பழைய விமானத் தளத்தில் நடந்த பந்தயங்களை நேரில் பார்த்தவர்கள் இன்னும் தொழில் நடத்திக்கொண்டிருக்கிறார்கள். அவர்களிடம் போனால் "கார்ட் என்றால் என்ன" என்பதிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. அவர்கள் பேச, நீங்கள் கேட்டாலே போதும். இளைய தலைமுறை முதலாளிகளுக்கு 2024 ஆகஸ்ட் கடைசியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி இரவில் நடந்த தெருப் பந்தயமும், 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அஜித் குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்ததும் தெரியும். பேச்சைத் தொடங்க அது உதவும். ஆனால் அவர்களுடைய புகழைக் கடன் வாங்கி அறிக்கையில் படமாகப் போடாதீர்கள். உங்களுக்கும் அவர்களுக்கும் தொடர்பில்லை என்பது படிப்பவருக்குத் தெரியும்.

அடுத்தது, எவ்வளவு கேட்பது. சீசன் செலவு மொத்தத்தையும் ஒருவரிடம் கேட்பதுதான் புதிய குழுக்கள் செய்யும் பெரிய தவறு. ஆறு லட்சம் தேவை என்று வைத்துக்கொள்வோம். ஆறு லட்சம் என்றால் முதலாளி தன் தம்பியைக் கேட்க வேண்டும், ஆடிட்டரைக் கேட்க வேண்டும், மனைவியைக் கேட்க வேண்டும். கேட்டால் வேண்டாம் என்றுதான் முடியும். யாரையும் கேட்காமல் அவரே அந்த இடத்தில் முடிவெடுக்கக்கூடிய தொகை ஒன்று ஒவ்வொருவருக்கும் இருக்கிறது. சிறிய கடைக்கு அது பதினைந்தாயிரமாக இருக்கலாம், நடுத்தரத் தொழிற்சாலைக்கு எழுபத்தைந்தாயிரமாக இருக்கலாம். அதற்குள் கேளுங்கள். மொத்தச் செலவை உடைத்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பெயர் கொடுங்கள்: ஒரு சுற்றுக்கான (சீசனில் வரும் ஒவ்வொரு பந்தய வார இறுதியும் ஒரு சுற்று) டயர், ஒரு சுற்றுக்கான நுழைவுக் கட்டணம், எஞ்சின் ரீபில்டு, கோலாப்பூருக்கோ பெங்களூருக்கோ வண்டியை ஏற்றிப் போய்வரும் வாடகை, பயிற்சி நாள் டிராக் கட்டணம். "ஸ்பான்சர் செய்யுங்கள்" என்பது கொடுப்பவர் மனத்தில் எதையும் காட்டாது. "பெங்களூர் சுற்றுக்கு டயர் உங்களுடையது" என்றால் அவர் கண்ணில் டயர் தெரியும். ஓட்டுநர் திரும்பி வந்ததும் "நம் டயர் எப்படி ஓடியது?" என்று அவரே கேட்பார்.

இந்தக் கணக்கை எழுதும்போது ஒன்றை மறந்துவிடாதீர்கள்: விபத்துக்கு ஒரு பகுதி. கார்ட்டில் அச்சு வளையும், சேஸி என்கிற அடிச்சட்டம் விரிசல் விடும், பம்பர் உடையும். முதல் சுற்றிலேயே சேஸி போய், மீதிச் சுற்றுகளுக்கு ஸ்பான்சர் கொடுத்த பணத்தோடு வண்டியில்லாமல் நின்ற குழுவை நான் பார்த்திருக்கிறேன். அந்த நிலையில் ஸ்பான்சரின் முகத்தைப் பார்ப்பதைவிட, முன்கூட்டியே ஒரு சுற்றைக் குறைத்துக்கொள்வது மேல்.

பதினான்கு பக்கத்துக்குப் பதில் ஒரு பக்கம் போதும். மேலே வண்டியின் படம். அதில் அந்த நிறுவனத்தின் பெயர் ஏற்கெனவே ஒட்டியிருப்பதுபோல வரைந்து வையுங்கள். முதலாளிகள் தம் பெயரைப் பார்த்ததும் படத்தைக் கையில் எடுத்துக் கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்ப்பார்கள். அந்த ஒரு நொடிக்காகத்தான் அந்த வேலை. அதன் கீழே நாலு பத்தி: நாங்கள் யார், எந்தெந்தத் தேதியில் எங்கே ஓட்டுகிறோம், உங்களுக்கு என்ன செய்வோம், என்ன கேட்கிறோம். "என்ன செய்வோம்" என்பதில் நாள், மணி, எண்ணிக்கை இருக்க வேண்டும். பத்து நாள் கடையில் வண்டி. உங்கள் டீலர் கூட்டத்தில் ஒரு நாள் கண்காட்சி. உங்கள் ஊழியர்களின் பிள்ளைகள் இருபது பேருக்கு ஷெட்டில் ஒரு காலை நேரம், எஞ்சினைப் பிரித்துக் காட்டி. சுற்று முடிந்த மறுநாள் ஆறு நல்ல படமும் ஒரு நிமிடக் காணொளியும். இவ்வளவு போதும். "பிராண்டின் மதிப்பை உயர்த்துவோம்" போன்ற வாக்கியங்களை எடுத்துவிடுங்கள். உங்களால் அதை நிரூபிக்க முடியாது, அவருக்கும் அது தெரியும்.

வண்டியில் விற்க எவ்வளவு இடம் இருக்கிறது என்பதில் நேர்மையாக இருங்கள். இரண்டு பக்கமும் சக்கரங்களுக்கு நடுவே இருக்கும் சைடு பாட் என்ற பிளாஸ்டிக் மூடி, முன் பம்பர், ஸ்டீயரிங்குக்கு முன்னால் நிமிர்ந்து நிற்கும் பேனலில் கொஞ்சம், பின் பம்பர். அவ்வளவுதான். பந்தய எண்ணுக்கான இடம் விதிப்படி ஒதுக்கப்பட்டது, அதை விற்க முடியாது. தொடரை நடத்துபவர்களும் தங்கள் ஸ்பான்சர்களின் ஸ்டிக்கர்களை இன்ன இடத்தில் ஒட்டியே ஆக வேண்டும் என்பார்கள். அது போக மிஞ்சுவதைத்தான் நீங்கள் பேச முடியும். சைடு பாட் முழுவதையும் ஒருவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டு, பந்தயத்தன்று காலை வண்டிச் சோதனையில் அதன் மேலேயே தொடரின் ஸ்டிக்கரை ஒட்டச் சொன்னார்கள் என்று அவருக்கு விளக்கிக்கொண்டிருப்பது மிகவும் சங்கடம். அதைவிட நல்ல இடங்கள் ஓட்டுநரின் உடையும் ஹெல்மெட்டும்தான். பந்தயம் முடிந்து எடுக்கும் படங்களில் வண்டி தெரிவது குறைவு, நெஞ்சும் முகமும்தான் தெரியும். காலரின் கீழே வலப்பக்கம் ஒரு பெயர், சைடு பாடில் நாலு பெயருக்குச் சமம். ஹெல்மெட்டில் ஒட்டும்போது மட்டும் அதைத் தயாரித்தவர்கள் ஸ்டிக்கர் பசையைப் பற்றி என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஹெல்மெட்டின் வெளி ஓட்டுக்கு ஆகாத பசைகள் உண்டு.

பணமாகத் தராமல் பொருளாகத் தருகிறேன் என்பவர்கள் வருவார்கள். நன்றாக வாங்கிக்கொள்ளுங்கள். திருப்பூர் பக்கத்தில் இருக்கிறது. பனியன் கம்பெனி வைத்திருப்பவரிடம் முப்பது டி-ஷர்ட் கேட்பது பணம் கேட்பதைவிட எத்தனையோ எளிது. வெல்டிங், பவுடர் கோட்டிங், வண்டி வாடகை, பயண நாட்களின் சாப்பாடு எல்லாமே காசுதான். ஆனால் வண்டிக்குள் போகும் பொருளாக இருந்தால் ஒப்புக்கொள்வதற்கு முன் விதிப்புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். ரோடாக்ஸ் போன்ற தொடர்களில் எல்லோருக்கும் ஒரே வகை டயர், எஞ்சினுக்கு முத்திரை, பெட்ரோலில் கலக்கும் டூ-ஸ்ட்ரோக் ஆயில்கூட இன்னதுதான் என்று குறிப்பிட்டிருப்பார்கள். ஆயில் டீலர் ஒருவர் அன்போடு இருபது லிட்டர் கொடுக்க, அதை ஊற்றி ஓட்டினால் எரிபொருள் சோதனையில் முடிவையே இழக்க நேரிடும். அவரிடம் உண்மையைச் சொல்லி, "ஊற்ற முடியாது அண்ணா, விதி விடாது, ஆனால் உங்கள் பெயரை உடையில் போட்டுக்கொள்கிறோம், பயண வாடகையைப் பார்த்துக்கொள்ள முடியுமா" என்று மாற்றிக் கேளுங்கள்.

சிஎஸ்ஆர் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இதில் நிறையப் பேர் ஆண்டுக் கணக்கில் ஏமாந்து நிற்கிறார்கள், அதனால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவுப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் வளர்ந்த கம்பெனிகள் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். ஏழாவது அட்டவணையில் கிராமிய விளையாட்டு, தேசிய அளவில் அங்கீகரிக்கப்பட்ட விளையாட்டு, ஒலிம்பிக், பாராலிம்பிக் விளையாட்டுகளுக்கான பயிற்சி இடம்பெறுகிறது. இதைப் பார்த்துத்தான் ஆசை வருகிறது. ஆனால் தன் பொருளுக்கோ சேவைக்கோ விளம்பரப் பயன் தேடி, ஸ்பான்சர்ஷிப் அடிப்படையில் கம்பெனி செய்யும் செலவு சிஎஸ்ஆர் ஆகாது என்று அதன் விதிகளே விலக்கி வைத்திருக்கின்றன. உங்கள் வண்டியில் கம்பெனிப் பெயரை ஒட்டி ஓட்டுவது சுத்தமான விளம்பரம். அதை சிஎஸ்ஆர் என்று கேட்டால், விதி தெரிந்த அதிகாரி அந்தக் கணத்திலேயே கோப்பை மூடிவிடுவார். நீங்கள் கேட்க வேண்டியது விளம்பர பட்ஜெட். விளம்பரச் செலவைத் தொழில் செலவாகக் கணக்கில் எழுத முடியும் என்பதால் சிறு முதலாளிக்கு அதுவே வசதி.

அதோடு ஒட்டியது ரசீது. கோவையில் நீங்கள் சந்திக்கப் போகிறவர்கள் கணக்கில் கெட்டிக்காரர்கள். "பில் தருவீர்களா?" என்பதுதான் அவர்களுடைய இரண்டாவது கேள்வியாக இருக்கும். குழுவின் பெயரில் வங்கிக் கணக்கு, பான் அட்டை, எண் வரிசையில் ரசீதுப் புத்தகம் மூன்றும் தயாராக இல்லாமல் யாரையும் பார்க்கப் போகாதீர்கள். ஜிஎஸ்டியில் ஸ்பான்சர்ஷிப்புக்குத் தனி ஏற்பாடு உண்டு. கொடுப்பவர் கம்பெனியாகவோ கூட்டாண்மை நிறுவனமாகவோ இருந்து, பெறும் குழு கம்பெனியாகப் பதிவு பெறாததாக இருந்தால், 18 சதவீத வரியை ரிவர்ஸ் சார்ஜ் முறையில் கொடுப்பவரே கட்ட வேண்டும். பெறும் குழு கம்பெனியாக இருந்தால் 2025 ஜனவரி 16 முதல் நிலைமை மாறிவிட்டது, வரியை வசூலித்துக் கட்டும் பொறுப்பு குழுவுடையது. பெருமைக்காகப் பிரைவேட் லிமிடெட் பதிவு செய்ய நினைத்தால் இதையும் சேர்த்து யோசியுங்கள். கொடுப்பவர் டிடிஎஸ் என்ற வரியை முன்கூட்டியே பிடித்துக்கொண்டு மீதியைத் தரலாம், அது குறைந்து வந்ததாக எண்ணிச் சண்டைக்குப் போகாதீர்கள். ஆடிட்டர் ஒருவரிடம் ஒருமுறை அரை மணி நேரம் உட்கார்ந்து கேட்டுக்கொள்ளுங்கள். முடிந்தால் அந்த ஆடிட்டரையே சிறிய ஸ்பான்சராக்குங்கள், நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

யாரிடம் வாங்கக் கூடாது என்றும் சொல்ல வேண்டும். சூதாட்டச் செயலிகள் சிறு குழுக்களைத் தேடி வந்து பணம் தருவதாகச் சொல்வதுண்டு, கேட்பதைவிட அதிகமாகவே தருவார்கள். பணம் வைத்து விளையாடும் இணைய விளையாட்டுகளையும் அவற்றின் விளம்பரத்தையும் 2025-ல் வந்த மத்தியச் சட்டம் தடை செய்துவிட்டது. புகையிலைப் பொருட்களின் ஸ்பான்சர்ஷிப்புக்கு 2003 சட்டத்திலேயே தடை. மதுக் கம்பெனிகள் சோடாப் பெயரிலும் குடிநீர்ப் பெயரிலும் வந்தால் மறுத்துவிடுங்கள். இளம் ஓட்டுநரின் நெஞ்சில் அந்தப் பெயரைப் பார்க்க எனக்குப் பொறுக்காது, உங்கள் மற்ற ஸ்பான்சர்களுக்கும் பொறுக்காது. ஓட்டுநர் பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் எந்த ஒப்பந்தத்திலும் பெற்றோர்தான் கையெழுத்திட வேண்டும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நேரில் பேசும்போது ஒரு கேள்வி கட்டாயம் வரும், அவர்கள் அதை நேராகக் கேட்க மாட்டார்கள். "இது ஆபத்தான விளையாட்டாச்சே தம்பி" என்று இழுப்பார்கள். அதன் பொருள்: பையனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என் பெயர் பத்திரிகையில் வருமா? சிரித்து மழுப்பாதீர்கள். ஹெல்மெட்டைக் கையோடு எடுத்துப் போங்கள். உள்ளே ஒட்டியிருக்கும் தரச் சான்று முத்திரையைக் காட்டுங்கள். விலா எலும்புக் கவசத்தைக் காட்டுங்கள், கையில் கொடுத்து அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். இந்திய மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பான எஃப்எம்எஸ்சிஐயின் உரிமம் பெற்ற ஓட்டுநர், அதன் அனுமதி பெற்ற பந்தயம், டிராக்கில் மருத்துவர், ஆம்புலன்ஸ். இதையெல்லாம் அமைதியாக வரிசையாகச் சொல்லுங்கள். ஆபத்தே கிடையாது என்று மட்டும் சொல்லாதீர்கள். அது பொய், அவரும் நம்ப மாட்டார்.

ஒப்பந்தம் எழுத்தில் இருக்கட்டும், ஒரு பக்கம் போதும். பாதிப் பணம் கைக்கு வந்த பிறகே ஸ்டிக்கர் அடிக்கக் கொடுங்கள். ஒருமுறை ஒரு நிறுவனத்தின் மேலாளர் வாயால் கொடுத்த உறுதியை நம்பி, வண்டியை முழுவதும் அவர்கள் நிறத்துக்கு மாற்றி, உடையிலும் பெயரைத் தைத்து இரண்டு சுற்று ஓட்டிவிட்டோம். மூன்றாம் சுற்றுக்கு முன்னால் அந்த மேலாளர் வேலை மாறிப் போய்விட்டார். புதிதாக வந்தவருக்கு எங்களைத் தெரியவே தெரியாது. பணம் வரவில்லை என்பதைவிட, அந்த நிறத்தை உரித்தெடுக்க இரவு முழுவதும் ஹீட் கன்னோடு உட்கார்ந்திருந்த இரண்டு பையன்களின் முகம்தான் எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது.

பணம் வந்த பிறகு செய்ய வேண்டியதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. குழுக்கள் ஸ்பான்சரை இழப்பது தோல்வியால் இல்லை, பேசாமல் இருப்பதால். ஞாயிற்றுக்கிழமை பந்தயம் முடிந்தால் திங்கட்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் அவருக்குப் படங்களும் நாலு வரியும் போய்ச் சேர வேண்டும். ஒன்பதாவதாக வந்தால் ஒன்பதாவது என்று எழுதுங்கள். செயின் கழன்று நின்றுவிட்டால் அப்படியே எழுதுங்கள், கூடவே அடுத்த சுற்றுக்கு என்ன மாற்றியிருக்கிறீர்கள் என்பதையும். தொழிற்சாலை நடத்துகிறவர்களுக்கு இயந்திரம் பழுதாவது புதிதில்லை. பழுதுக்குப் பிறகு நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதை ஆர்வத்தோடு படிப்பார்கள். எங்களுடைய முதல் நல்ல ஸ்பான்சரை இரண்டாம் ஆண்டு இழந்தோம். நாங்கள் முதல் மூன்று இடத்துக்குள் வந்து போடியம் ஏறிய ஆண்டு அது. வெற்றிக் களிப்பில் அவருக்கு ஒரு படம்கூட அனுப்பவில்லை. "பத்திரிகையில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன் தம்பி" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார்.

காலத்தையும் பாருங்கள். கம்பெனிகளின் விளம்பரக் கணக்கு ஏப்ரலில் புதிதாகத் தொடங்கும், ஆகவே ஜனவரி, பிப்ரவரியில் போய்ப் பேசி வையுங்கள். கடைகளுக்குத் தீபாவளி, பொங்கல். தொழிற்சாலைகளுக்கு ஆயுத பூஜை. இந்தக் கடைசி நாளைத் தவற விடாதீர்கள். பட்டறையில் லேத்துக்கும் டிரில்லிங் மெஷினுக்கும் சந்தனம், குங்குமம் வைக்கும் வரிசையில் உங்கள் வண்டியும் நிற்கட்டும். எங்களுக்கு அப்படி ஒரு வார்ப்பட ஆலையில் இடம் கிடைத்தது. பூஜை முடிந்து பொரி கொடுக்கும்போது, முப்பது ஆண்டு வேலை செய்த ஒரு மூத்த வார்ப்பாளர் வண்டியைச் சுற்றி வந்து, எங்கள் பிரேக் காலிப்பரைத் தாங்கும் பிராக்கெட்டைத் தடவிப் பார்த்து, இதில் ஓரிடம் பலவீனமாக இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டினார். மறுவாரம் அவரே புதிதாக ஒன்று செய்து கொடுத்தார். அதற்கு முதலாளி பணம் வாங்கவில்லை, எங்கள் ஸ்பான்சர் பட்டியலில் அந்த ஆலையின் பெயர் அப்படித்தான் வந்தது.

இனி அந்த நிலத்தைப் பற்றி. வேண்டாம் தம்பி. நண்பரின் அப்பா அன்பினால் சொல்கிறார், அதனால்தான் நீங்கள் மறுக்க வேண்டும். கார்ட் பந்தயத்தில் பரிசுப் பணம் செலவில் ஒரு துளிக்குக்கூட வராது. அடமானப் பணத்தில் ஓட்டுகிற பையன் ஒவ்வொரு வளைவிலும் வட்டியை நினைத்துக்கொண்டு ஓட்டுவான். பிரேக் பிடிக்க வேண்டிய இடத்தில் பிடிக்காமல் போவான். அப்படி ஒரு பையனை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன், இரண்டாவது ஆண்டு அவன் டிராக் பக்கமே வரவில்லை. வரும் மாதங்களில் பத்துக் கடைக்கு வண்டியை ஏற்றிப் போங்கள். மூன்று பேர் சம்மதித்தால் நல்ல கணக்கு. கிடைத்த பணத்துக்கு இரண்டு சுற்றுதான் ஓட்ட முடியும் என்றால் இரண்டு சுற்று ஓட்டுங்கள். அருகில் நடக்கும் சுற்றுகளாகப் பாருங்கள், பயணச் செலவும் குறையும். முழு சீசன் அடுத்த ஆண்டு. நிலப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும். அந்த அப்பாவிடம் கேட்க ஓர் உதவி உண்டு: ஊரில் அவருக்குத் தெரிந்த கடைக்காரர்கள் யார் யார் என்று கேட்டு, சனிக்கிழமை உங்களோடு குட்டி யானையின் முன் சீட்டில் உட்கார்ந்து வரச் சொல்லுங்கள்.